சித்தப்பா காத்து அதிகமா அடிக்கல: ஒரு பெட்ரோமாக்ஸ் டாங்க்கின் வரலாறு

இந்தப் பதிவு ஒரு திருத்தம். 2012 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்து பத்துப் பேர் நடுவில் நான் ஒரு தீர்ப்பு சொன்னேன். எங்கேயும் எழுதி வைத்ததில்லை, வாயால் சொன்னதுதான். ஆனால் பி.ஈ. படித்தவன் வாயால் சொன்னால் ஊரில் அது எழுதி வைத்த மாதிரி. பல வருஷம் அப்படியே நின்றுவிட்டது. சென்ற கோடையில்தான் அது தப்பு என்று தெரிந்தது. தப்பைக் கண்டுபிடிக்கப் போன வழியில் பெர்லின், மணவாளக்குறிச்சி, வெள்ளைக்காரன் பட்டாளத்துக் குதிரை லாயம் என்று எங்கெங்கோ சுற்ற வேண்டியதாகிவிட்டது. சுற்றியதை எல்லாம் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் சம்பவம்.

சிதம்பரத்துக்கும் கிள்ளைக்கும் நடுவில் எங்கள் ஊர். தாத்தா அங்கே லைட் கடை வைத்திருந்தார். ஆறு பெட்ரோமாக்ஸ். ஊர்க்காரர்கள் யாரும் பெட்ரோமாக்ஸ் என்று சொல்ல மாட்டார்கள், 'கேஸ் லைட்டு'தான். கல்யாணம், சாவு, காப்பு கட்டுதல், தெருக்கூத்து, சாமி ஊர்வலம் எதுவானாலும் முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். சித்தப்பா பத்து வயசிலிருந்து அந்தக் கடையில் பம்ப் அடித்து வளர்ந்தவர். கரண்ட் வந்து, டியூப் லைட் வந்து, சீரியல் செட் வந்து, கடை மெல்ல மெல்ல மூடிப் போனது. ஐந்து லைட் பழைய பித்தளை விலைக்குப் போயின. தாத்தா 1958ல் வாங்கியது என்று வீட்டில் சொல்லும் ஒன்று மட்டும் மிஞ்சியது.

2011 டிசம்பர் 30ந் தேதி விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. 1962லிருந்து நெய்வேலியில் கரண்ட் எடுக்கும் மாவட்டம் இது. பழுப்பு நிலக்கரி நம் காலடியில், ஆனால் கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு.

மூன்றாம் நாள் ராத்திரி சித்தப்பா பரணிலிருந்து அந்த லைட்டை இறக்கினார். துடைத்தார், கிருஷ்ணாயில் ஊற்றினார், புது மேண்டில் கட்டினார், பற்ற வைத்தார். தெருவே வெளிச்சமாகிவிட்டதாம். அரை மணி நேரம் கழித்து டாங்க்கின் தோள்பட்டையில் எண்ணெய் கசிந்து, தீப் பிடித்துக்கொண்டது. கூரை வீடு பக்கத்தில். சித்தப்பா வெறுங்கையால் லைட்டைத் தூக்கி வாசல் மணலில் போட்டு, ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் வலது கை மட்டும் வெந்துபோனது. இன்றைக்கும் அந்தக் கையில் இரண்டு விரல் முழுசாக மடங்காது.

பொங்கலுக்குப் போன நான் டாங்க்கைப் புரட்டிப் பார்த்தேன். தோளில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். "ஓவர் பிரஷர். அளவுக்கு மேல காத்து அடிச்சிருக்காங்க, அதான் தெறிச்சிருக்கு" என்றேன். சித்தப்பா ஒரே ஒரு தடவை மறுத்தார். "செவப்புக் கோட்டத் தாண்டலடா தம்பி." அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், யாராவது பலூன் ஊதினால்கூட, "பாத்துடா, உங்க சித்தப்பா மாதிரி அடிச்சிடாத" என்று ஒரு சிரிப்பு. ஆயிரம் கல்யாணத்துக்கு லைட் கொளுத்திய மனுஷனுக்குப் பம்ப் அடிக்கத் தெரியாது என்று பெயர் வைத்தது நான்தான்.

இந்த விளக்கு எப்படி எரிகிறது

பெட்ரோமாக்ஸை நேரில் பார்த்திராதவர்களுக்கும் 'வைதேகி காத்திருந்தாள்' (1984) தெரிந்திருக்கும். ஆல் இன் ஆல் அழகுராஜா கடையில் கவுண்டமணியிடம் விளக்கம் கேட்டுக்கொண்டே செந்தில் மேண்டிலைப் பிடித்து நசுக்கிவிடுவார். சிரிப்புக்காக எடுத்த காட்சிதான், ஆனால் செந்தில் கேட்டது நியாயமான கேள்வி. இது எப்படி எரிகிறது?

அடியில் ஒரு லிட்டர் அளவு எண்ணெய் பிடிக்கும் பித்தளை டாங்க். பக்கவாட்டில் ஒரு கைப் பம்ப். அதன் நுனியில் தோல் வாஷர். காற்றை அடித்தால் அது எண்ணெயை மேலே தள்ளும். எண்ணெய் ஒரு மெல்லிய குழாய் வழியாக ஏறும்போது, ஏற்கெனவே ஸ்பிரிட் எரித்துச் சூடாக்கிய குழாயில் ஆவியாகிவிடும். அந்த ஆவி நிப்பிளின் ஊசித் துளை வழியாகச் சீறி வெளியே வந்து, காற்றோடு கலந்து, மேண்டிலுக்குள் எரியும். எரிந்து வரும் சூட்டிலேயே குழாய் தொடர்ந்து சூடாக இருக்கும். திரி கிடையாது, புகை கிடையாது. 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் மட்டும் விடிய விடிய.

இதில் வெளிச்சம் தருவது நெருப்பு இல்லை. நெருப்பு நீலமாக, மங்கலாகத்தான் இருக்கும். கண்ணைக் கூசவைக்கும் அந்த வெள்ளை வெளிச்சம் மேண்டிலிலிருந்து வருகிறது. மேண்டில் என்பது ஒரு துணி வலைப் பை. தோரியம், சீரியம் உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்தது. முதல் முறை கொளுத்தும்போது துணி எரிந்துபோகும். மிஞ்சுவது துணியின் வடிவத்திலேயே நிற்கும் ஒரு சாம்பல் கூடு, தோரியம் ஆக்சைடு. 3000 டிகிரி செல்சியஸுக்கு மேலும் உருகாத பொருள், ஆனால் விரல் பட்டால் உதிர்ந்துவிடும். செந்தில் தொட்டது அந்தக் கூட்டைத்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக். 1885ல் முதல் காப்புரிமை. அப்போது வெளிச்சம் பச்சையடித்தது, ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. 1891ல் 99 பங்கு தோரியம் ஆக்சைடுக்கு 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கணக்கைப் பிடித்தார். அந்த ஒரு பங்கு சீரியத்தில்தான் சூட்சுமமே. இன்றைக்கு அந்தத் தோரியத்துக்குப் பதிலாகப் பல கம்பெனிகள் இட்ரியம் போடுகின்றன. காரணம், தோரியம் கதிரியக்கப் பொருள். 1898லேயே கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். பழைய மேண்டில் உங்கள் வீட்டில் இருந்தால் தொடக்கூடாது என்றில்லை. அது உதிரும்போது அந்தத் தூளை மட்டும் மூச்சில் இழுக்காதீர்கள்.

வெல்ஸ்பாக்கின் மேண்டிலையும் மண்ணெண்ணெய் ஆவியையும் ஒரே கூண்டுக்குள் கொண்டுவந்து உலகம் முழுக்க விற்றது பெர்லினில் இருந்த எரிஹ் அண்ட் கிரேட்ஸ் கம்பெனி. அதை நடத்தியவர் மேக்ஸ் கிரேட்ஸ். பெட்ரோலியத்தில் பாதி, மேக்ஸ் என்ற பெயர் ஒன்று, சேர்த்தால் பெட்ரோமாக்ஸ். ஜெராக்ஸ் போல, இதுவும் கம்பெனிப் பெயர் சாமானின் பெயராகவே ஆகிவிட்ட கதை. நம் ஊரில் யார் செய்த பிரஷர் லைட்டாக இருந்தாலும் அது பெட்ரோமாக்ஸ்தான்.

வெளிச்சம் நம்ம மணலிலிருந்து

இவ்வளவும் ஜெர்மன் கதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தோரியம் எங்கிருந்து வந்தது என்று தேடும்போதுதான் கதை இந்தப் பக்கம் திரும்பியது.

தோரியம் மோனசைட் என்ற மணலில் இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் உலகத்துக்கு அது பெரும்பாலும் பிரேசில் கடற்கரையிலிருந்து வந்தது. வியாபாரம் ஜெர்மன்காரர்கள் கையில். 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைப் பார்த்து, மணலின் ஊரைத் தேடி வந்தார் என்று சொல்வார்கள். அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1க்குப் பிறகு நம் கன்னியாகுமரி மாவட்டம். பிரேசில் மணலைவிட இந்த மணலில் தோரியம் அதிகம். அங்கேயே ஆலை போட்டார், மணல் பிரித்தார், ஏற்றுமதி செய்தார். முதல் உலகப் போர் வந்ததும் அவர் கைது செய்யப்பட்டார். ஆலை ஆங்கிலேயர் வசம் போனது. தெரு விளக்கு எரிய வேண்டிய மேண்டிலுக்கு எதிரி நாட்டை நம்பி இருக்க லண்டனுக்கு விருப்பமில்லை.

சுதந்திரத்துக்கு முன்பே, 1946ல், மோனசைட்டை அப்படியே வெளியே அனுப்புவது நிறுத்தப்பட்டது. அணுசக்தி என்ற வார்த்தை வந்துவிட்ட காலம். 1950ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம். 1952ல் ஆலுவாவில் ஆலை. 1955ல் டிராம்பேயில் தோரியம் ஆலை. அங்கே தயாரான தோரியம் நைட்ரேட்டை வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? மேண்டில் செய்கிறவர்கள். ஆக, தாத்தா கடையில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பொட்டலம் பிரித்துக் கட்டிய மேண்டிலுக்குப் பின்னால் இந்தத் தென்கோடி மணல் இருந்திருக்கிறது. பெர்லின் சாமானில் வெளிச்சத்துக்கான வேலையைச் செய்தது நம் கடற்கரை.

சரி, வெளிச்சம் கிடக்கட்டும். விரிசலுக்கு வருவோம்.

சுண்ணாம்பில் தெரிந்த கோடு

சென்ற கோடையில் வீட்டைப் பிரித்துக் கட்டினோம். சாமான் ஒழிக்கும்போது அந்த லைட் திரும்பக் கையில் வந்தது. கூண்டெல்லாம் துரு. மேல்மூடி எனாமல் பெயர்ந்திருந்தது. டாங்க் மட்டும் நிக்கல் முலாம் மங்கி, முழுசாக இருந்தது. ரிப்பேர் பண்ணிப் புது முலாம் போட்டு, கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் என்று ஆசை. ஐ.டி. வேலையில் இருக்கிறவனுக்கு நாற்பது வயசுக்கு மேல் வரும் ஆசைகளில் இது ஒன்று.

கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு பித்தளைப் பட்டறை இருக்கிறது என்று சொன்னார்கள். ஈயம் பூசுவது, குடம் ஒட்டுவது, குத்துவிளக்கு பாலிஷ். அறுபத்தைந்து வயசிருக்கும் ஒரு ஐயா. டாங்க்கைக் கையில் வாங்கியவர் முதலில் அதை மோந்து பார்த்தார். அப்புறம் விரல் நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார்.

"தம்பி, இது எப்படி ஒடஞ்சுது?"

"காத்து அதிகமா அடிச்சுட்டாங்க."

"யார் சொன்னது?"

நான் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் செய்தது இதுதான். டாங்க்கின் தோளில் மண்ணெண்ணெயை நன்றாகத் தடவி ஊறவிட்டார். பத்து நிமிஷம் கழித்து உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்தார். பிறகு சுண்ணாம்புத் தூளை மெலிதாகத் தூவி, டீ சொன்னார். டீ குடித்து முடிக்கும்போது வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரக் கோடுகள் எழும்பியிருந்தன. நான் பார்த்த ஒரு விரிசல் மட்டும் இல்லை. அதன் பக்கத்தில் ஐந்தாறு கோடுகள், மரக்கிளை மாதிரிப் பிரிந்து பிரிந்து. விரிசலுக்குள் ஊறிய எண்ணெயைச் சுண்ணாம்பு வெளியே இழுத்துக் காட்டிவிட்டது. பழைய காலத்தில் ரயில்வே பட்டறைகளில் வண்டி அச்சுகளை இப்படித்தான் சோதிப்பார்கள். இன்று விமானப் பாகங்களுக்குச் செய்யும் சாயச் சோதனைக்கு இதுதான் பாட்டன். எந்த எண்ணெயால் விளக்கு எரிந்ததோ அதே எண்ணெய் சாட்சி சொல்லிவிட்டது.

"காத்துல வெடிச்சா இப்படி இருக்காது" என்றார். "பித்தள இழுபடும். மொதல்ல வயிறு உப்பும், அப்பறம் மெலிஞ்சு கிழியும். இதுல உப்பல் எங்க இருக்கு? கையால தடவிப் பாருங்க. இது கண்ணாடி மாதிரி விட்டிருக்கு. ஊறி விட்டது."

தடவிப் பார்த்தேன். உப்பல் இல்லை. பொறியியல் கல்லூரி இரண்டாம் வருஷத்தில் இழுவைச் சோதனை செய்து வரைபடம் போட்டவன் நான். நீளும் உலோகம் நீண்டு, மெலிந்து, பிறகே அறும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். திண்ணையில் அது ஞாபகம் வரவில்லை. சாஃப்ட்வேரில் லாக்கைப் படிக்காமல் "யூசர் தப்பு" என்று டிக்கெட்டை மூடுவோமே, அதைத்தான் சித்தப்பாவுக்குச் செய்திருக்கிறேன்.

குதிரை லாயத்துத் தோட்டாக்கள்

'ஊறி விட்டது' என்று பட்டறை ஐயா சொன்னதற்கு உலோகவியலில் ஒரு பெயர் இருக்கிறது: சீசன் கிராக்கிங். பருவ விரிசல் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பெயர் பிரபலமானதே இந்தியாவில் நடந்த ஒரு சங்கதியால்.

19ம் நூற்றாண்டில் இங்கிருந்த ஆங்கிலேயப் பட்டாளத்தின் துப்பாக்கித் தோட்டாக்களுக்குப் பித்தளை உறை. செம்பு 70, துத்தநாகம் 30. மழைக்காலத்தில் அடைத்து வைத்த தோட்டாக்களை, மழை விட்டதும் எடுத்துப் பார்த்தால், சுடாமலே, யாரும் தொடாமலே, உறையில் விரிசல். தோட்டாக்கள் இருந்தது குதிரை லாயங்களை ஒட்டி. மழைக்காலத்தில் வந்ததால் பருவ விரிசல் என்று பெயர் வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். மரம் காயும்போது விடும் வெடிப்பைப் போல இருந்ததால் என்றும் ஒரு விளக்கம் உண்டு.

காரணம் 1921ல் தெளிவாக எழுதப்பட்டது. மூர், பெக்கின்சேல், மேலின்சன் என்று மூன்று பேர் எழுதிய ஆய்வு. இரண்டு விஷயம் ஒன்றாகச் சேர வேண்டும். ஒன்று, உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம். பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து இழுத்து, வளைத்து ஒரு உருவத்துக்குக் கொண்டுவரும்போது, வளைந்த இடங்களில் உலோகம் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து எந்தச் சுமையும் வேண்டாம். பாடநூலில் இதற்கு 'எச்சத் தகைவு' என்று பெயர். இரண்டு, அம்மோனியா. குதிரை மூத்திரம் மக்கும்போது எழும் அதே காரவாடை. ஈரக் காற்றில் அம்மோனியா செம்பைக் கரைத்து எடுக்கும். அதுவும் மேலாக எல்லா இடத்திலும் அரிக்காது. பித்தளை நுண்ணிய படிகங்களால் ஆனது. படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவில் இருக்கும் எல்லையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். உள்ளிறுக்கம் அந்த வாயைத் திறந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். மேலே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே விரிசல் ஓடிவிடும்.

தீர்வும் அவர்களே சொன்னார்கள். செய்து முடித்த பித்தளையைச் சுமார் 250, 300 டிகிரி செல்சியஸில் கொஞ்ச நேரம் சூடு காட்டினால் போதும். வலிமை குறையாமல் உள்ளிறுக்கம் மட்டும் தளர்ந்துவிடும்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. எங்கள் வீட்டில் குதிரை ஏது?

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "சித்தப்பா, அந்த லைட்டு எந்தப் பரண்ல இருந்துது?"

"மாட்டுக் கொட்டாய்ப் பரண்லடா. வீட்ல எடம் ஏது?"

நான்கு மாடு, இரண்டு கன்று, மண் தரை. பகலெல்லாம் கோமியம் ஊறும் தரைக்கு மேலே ஏழடி உயரத்தில் பரண். அதில் கோணிப் பைக்குள் பித்தளை டாங்க். கடலூர்ப் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழை. லாயத்துக்கும் கொட்டாய்க்கும் வித்தியாசம் மிருகத்தில் மட்டும்தான். விரிசல் விட்ட இடமும் பொருந்துகிறது. டாங்க்கின் தோள்தான் அச்சில் அதிகமாக வளைந்த இடம்.

போனை வைக்கப் போகும்போது சித்தப்பா ஒன்று சொன்னார். "நீகூடத்தான் ஆயுத பூஜைக்கு எறக்கி, என்னமோ பாலிஷ் போட்டு, கண்ணாடி மாதிரி பண்ணிட்டுப் போனியே."

ஆமாம். 2009 ஆயுத பூஜை. பாட்டிலில் வரும் பித்தளை பாலிஷ் வாங்கி, அரை நாள் உட்கார்ந்து தேய்த்தேன். நிக்கல் போன இடங்களில் பித்தளை தங்கம் மாதிரி மின்னியது. போட்டோ எடுத்தேன். தோள் மடிப்பில் வெள்ளையாகப் படிந்த பாலிஷைக் கழுவவில்லை, துணியால் துடைத்ததோடு சரி. பிறகு சாக்கில் சுற்றி நானேதான் பரணில் ஏற்றினேன். பல பித்தளை பாலிஷ்களில் அம்மோனியா உண்டு. மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும் அந்த வாடை வேறு எதனுடையது?

மாடா, பாலிஷா, எது எவ்வளவு என்று இனிமேல் யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. பம்ப் இல்லை என்பது மட்டும் உறுதி.

ஒட்டலாமா?

பட்டறை ஐயாவிடம் திரும்பப் போனேன். பற்ற வைத்தால் நிற்குமா என்று கேட்டேன்.

"நிக்கும் தம்பி. எத்தன நாளுன்னு கேக்காதீங்க."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் எல்லாம் அடக்கம். ஈயம் வைத்து ஒரு விரிசலை மூடலாம். சுண்ணாம்பு காட்டிய ஐந்தாறையும் மூடலாம். காட்டாதவற்றை? விரிசலுக்குக் காரணமான உள்ளிறுக்கம் அப்படியேதான் இருக்கிறது. அதைத் தளர்த்த 250 டிகிரிக்கு மேல் சூடு காட்ட வேண்டும். ஆனால் டாங்க்கின் இணைப்புகளை ஒட்டியிருக்கும் ஈயப் பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். நோயைத் தீர்த்தால் மூட்டு கழன்றுவிடும், மூட்டைக் காப்பாற்றினால் நோய் தீராது. இதன் மேல் நிக்கல் முலாம் போட்டால் விரிசல் கண்ணுக்கே தெரியாமல் போகும். உள்ளே காற்றழுத்தம், மேலே நெருப்பு, நடுவில் ஒரு லிட்டர் கிருஷ்ணாயில். அடுத்த புயலில் யார் இதைப் பரணிலிருந்து இறக்குவார்கள்?

அதனால் அந்த டாங்க் இனிமேல் எரியாது என்று முடிவு செய்தேன். வாயடைப்பு மூடியைக் கழற்றி எறிந்துவிட்டேன், யாரும் ஆசைப்பட்டு எண்ணெய் ஊற்றக்கூடாது என்று. விரிசலைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

மற்ற பாகங்களைச் சரி செய்தோம். உங்களிடமும் பழைய லைட் இருந்தால் உதவும் என்று கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

பித்தளைக்குப் புளி போதும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைத்துவிடும். பாட்டி கைப்பக்குவம் கெமிஸ்ட்ரிப்படி சரியானதுதான். ஆனால் ராத்திரி முழுக்க ஊறப் போடாதீர்கள். செம்பு நிறம் சிவந்து ஏறினால், மேற்பரப்பில் துத்தநாகம் கழன்று போகிறது என்று அர்த்தம். எதைப் போட்டுத் தேய்த்தாலும் கடைசியில் நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். அம்மோனியா வாடை வரும் எதுவும் அழுத்தம் தாங்கும் பித்தளைப் பக்கம் வரவே கூடாது.

நிக்கல் நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் பளபளக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் உலோகம் கொஞ்சம் தேயும், முத்திரை எழுத்து முதலில் மறையும். கூண்டு, மேல்மூடி போன்ற இரும்புப் பாகங்களில் துருவைத் தேய்த்து எடுத்து, சூடு தாங்கும் பெயின்ட் அடிக்கலாம். அங்கே அழகு பார்த்தால் தப்பில்லை. பம்ப்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தால் விளக்கெண்ணெயில் ஊறவிடுங்கள், பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

டாங்க்கைச் சோதிக்க, முழுக்கத் தண்ணீர் நிரப்பிப் பிறகு அழுத்தம் கொடுங்கள். காற்று மட்டும் இருந்து டாங்க் விட்டால் வெடிக்கும். தண்ணீர் இருந்தால் கசியும், அவ்வளவுதான். பிறகு தோளிலும் அடியிலும் மண்ணெண்ணெய், சுண்ணாம்புச் சோதனை. கோடு தெரிந்தால் அதை அலமாரிக்கு அனுப்புங்கள், அடுப்பங்கரைக்கும் வேண்டாம், வாசலுக்கும் வேண்டாம். பத்திரப்படுத்தும் இடம் காய்ந்த இடமாக இருக்கட்டும். மாட்டுக் கொட்டாய், உரமூட்டை அடுக்கிய அறை, கழிவறைப் பக்கத்துப் பரண், மூன்றும் ஆகாது.

கடைசியாக

பட்டறை ஐயா வேறொரு பழைய டாங்க் தேடிக் கொடுத்தார். தண்ணீரிலும் சுண்ணாம்பிலும் சோதித்து, ஒரு கோடும் இல்லை என்று பார்த்த பிறகே வாங்கினேன். ஆடி மாசம் ஊரில் கூத்து. மேடையில் எல்.ஈ.டி. விளக்குகள்தான். முன்னாடியே சித்தப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். வீட்டு வாசலில், அன்றைக்குத் திண்ணையில் இருந்தவர்களில் கிடைத்தவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பழைய டாங்க்கை எடுத்து, சுண்ணாம்பு தடவி, கோடுகளைக் காட்டினேன். தோட்டாக் கதையைச் சொன்னேன். பாலிஷ் போட்டது நான் என்றும் சொன்னேன். "சித்தப்பா காத்து அதிகமா அடிக்கல. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்."

யாரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அத்தை மட்டும் "அப்போ மாட்டு மேல பழியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

சித்தப்பா டாங்க்கை வாங்கி, அந்த மடங்காத விரல்களால் கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு புது டாங்க் மாட்டிய லைட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டு, ஸ்பிரிட் எங்கே என்று கேட்டார். மேண்டில் கட்டினார். பம்ப் அடிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்ததும், மீட்டரைப் பார்க்காமலே, அவர் கை நின்றுவிட்டது.